இருபது படகு தூரம்

படகு தள்ளும் நீளக் கழியைச் சேற்றில் ஆழக் குத்தி, அதன் தலையில் இடது கை முஷ்டியை வைத்து, முஷ்டியின் மேல் கேமராவை உட்கார வைக்கிறான் முபிரு. வலது கண் கேமராவுக்குள்ளே. இடது கண் வெளியே, திறந்தபடி. பாதி மூச்சை விட்டுவிட்டு, மீதியை நெஞ்சுக்குள் பிடித்து வைத்துக்கொண்டு, அப்புறம்தான் பொத்தானை அழுத்துவான். படகில் இருப்பவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும் அந்த நேரத்தில் தும்மக் கூடாது. தும்மினால் திட்டமாட்டான்; திரும்பிப் பார்ப்பான். அந்தப் பார்வையிலேயே அடுத்த தும்மல் வந்த வழியே போய்விடும்.

லுசோங்கோ படகுத்துறையில் அவனைத் தெரியாதவர் கிடையாது. கம்பாலாவிலிருந்து வருகிறவர்கள் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, வாடகை மோட்டார் சைக்கிள்காரனிடம் "முபிரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தண்ணீர் ஓரத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுவான். நாற்பத்தாறு வயது. முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்ட கால்சட்டை. எந்தக் காலத்திலோ சிவப்பாக இருந்த தொப்பி. முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு. இருபது வருடம் வலை வீசியவன். இப்போது ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், பாப்பிரஸ் கோரைக்கு நடுவே நிற்கும் புல்வேயைக் காட்டுகிறான்.

புல்வே ஏழு வயதுப் பிள்ளை உயரம் இருக்கும் பறவை. சாம்பல் நிறம். பெரிய மரச்செருப்பைக் கவிழ்த்து முகத்தில் ஒட்டிவிட்டது போல அலகு. நின்றால் நின்றதுதான், ஒரு சட்டி வாழைக்காய் வெந்து இறங்கும் நேரத்துக்கு இமைகூட அசையாது. காலையில் எழுந்ததும் புல்வே முகத்தில் விழித்தால் அன்றைக்கு வலை காலி என்று மீன்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். முபிருவும் அப்படித் திருப்பிக்கொண்டவன்தான். பொய் எதற்கு?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. புல்வேக்கு உயிர் மம்பா மீன். பாம்பு போல நீண்டு, சேற்றுக்குள் கிடந்து மூச்சு விடும் மீன். முபிருவோ மம்பா குலத்தான். குலத்தின் பெயர் எதுவோ அதைத் தின்னக் கூடாது, கொல்லக் கூடாது. கூடப் பிறந்தது மாதிரி. அவன் வலையில் மம்பா விழுந்த நாட்களில், பார்க்காதது போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, பக்கத்துப் படகில் தள்ளிவிடுவான். அந்தப் பக்கத்துப் படகு பெரும்பாலும் கயிவாவுடையது. கயிவா அவன் அக்காள் புருஷன், மீன்காரர் சங்கத் தலைவர், கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

"ஏம்பா மச்சான், உன் கூடப் பொறந்தவனைக் கொத்தித் தின்னுற பறவைக்கு நீ காவல் நிக்கிறியே, உனக்கு ரோசமே வராதா?" என்று துறை முழுக்கக் கேட்கும்படி கேட்பார் கயிவா.

"நீங்களும்தான் தின்னீங்க. என் அக்காவைக் கட்டிக் குடுக்கலையா?" என்பான் முபிரு. தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பார்கள். கடையை நடத்துகிறவளே அந்த அக்கா பெர்பெட்டுவாதான். சிரிக்காதது போலக் கெட்டிலைத் துடைப்பாள்.

அவன் கேமராவைப் பற்றிச் சொல்லவேண்டும். கம்பாலாவில் பழைய சாமான் விற்கும் சந்தில் வாங்கியது. சட்டைப்பைக்குள் போகும் சின்னக் கேமராவும் இல்லை. பத்திரிகைக்காரர்கள் தோளில் சுமக்கும் பெரிய கேமராவும் இல்லை. இரண்டுக்கும் நடுவிலே ஒரு பாலம் போல நிற்பதால் பிரிட்ஜ் கேமரா என்று பெயராம். லென்ஸைக் கழற்றவும் முடியாது, மாற்றவும் முடியாது. ஒரே மூக்கு. அந்த மூக்கு நீளும், நீளும், நீண்டுகொண்டே போகும். அறுபது மடங்கு என்று ஓரத்தில் எழுதியிருக்கிறது.

பெர்பெட்டுவா அதற்கு வேறு விளக்கம் வைத்திருக்கிறாள். "வாழையில ஒண்ணு இருக்குல்ல, காயா வேக வைக்கவும் ஆகும், பழுத்தாத் தின்னவும் ஆகும். ரெண்டுலயும் முதல் தரமில்ல. ஆனா வீட்டுல அது ஒண்ணு இருந்துட்டா அன்னிக்கு யாரும் பட்டினி கிடக்கமாட்டாங்க. அந்த மாதிரி சாமான் இது."

இதற்கு மேல் அதைப் புகழவும் முடியாது, பழிக்கவும் முடியாது.

முபிருவே அதன் குறைகளை வரிசையாகச் சொல்வான், சொந்த மருமகனைப் பற்றிச் சொல்கிறவன் மாதிரி, கொஞ்சம் சலிப்போடும் கொஞ்சம் பெருமையோடும். "விடியக்காலைல இதுக்குக் கண்ணு தெரியாது. மீன்கொத்தியப் பிடிக்கச் சொன்னா, மீன்கொத்தி மீனைத் தின்னு செரிச்சப்புறம் டிக்குனு ஒரு சத்தம் போடும். பறவையப் பாருன்னா முன்னாடி நிக்கிற கோரைக் குஞ்சத்தப் பாத்துகிட்டு நிக்கும். பேட்டரிய பன்னிக்குட்டி மாதிரிக் குடிக்கும். மூக்கை முழுசா நீட்டிட்டா, என் நாடி துடிக்கிறதுகூடப் படத்துல ஆடும்."

"அப்புறம் எதுக்கு இதக் கட்டிகிட்டு அழுற?" என்று யாராவது கேட்பார்கள்.

"புல்வேயும் சோம்பேறி, இதுவும் சோம்பேறி. ரெண்டுக்கும் ஒத்துப்போச்சு."

அது விளையாட்டுப் பேச்சு. உண்மையான காரணத்தை அவன் எல்லாரிடமும் சொல்வதில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அவனிடம் கேமரா கிடையாது. வருகிறவர்கள் கையில் போன் மட்டும் இருக்கும். போனில் பறவை எறும்பு மாதிரி விழும். "பக்கத்துல போ, பக்கத்துல போ" என்பார்கள். போனான். மீன்காரன் புத்தி, கோரையை வளைத்து வழி செய்வதில் கெட்டிக்காரன். கூட்டுக்கு நாலு படகு நீளம் வரை போனான். புல்வே எழுந்து பறந்தது. அன்றைக்கு நல்ல வெயில். மாலை வரை அது திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது முட்டை இரண்டும் கூட்டில் கிடந்தன. எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான், இரண்டும் கூமுட்டை. அதன் பிறகு ஒரு வாரம் படகை எடுக்கவில்லை. எடுத்தபோது ஒரு கணக்கோடு எடுத்தான்: கூட்டுக்கும் படகுக்கும் நடுவே இருபது படகு நீளம். இன்றுவரை அந்தக் கணக்கில் ஒரு சாண் குறைத்தது கிடையாது. அந்தத் தூரத்திலிருந்து பறவையின் மஞ்சள் கண்ணைக் காட்டுகிற ஒரே சாமான் இந்த நீள மூக்குதான்.

இந்த வருடம் நல்ல மழைக்குப் பிறகு கிழக்குப் பக்கக் கோரையில் புல்வே மறுபடி கூடு கட்டியது. அதே கிழக்குப் பக்கத்தில்தான் மீன்காரர்களுக்கும் வேலை வந்தது.

புயலில் ஒரு பெரிய கோரைத் திட்டு அப்படியே மிதந்து வந்து, ஏரிக்குப் போகும் பழைய கால்வாயை அடைத்துவிட்டது. மேற்கே சுற்றிப் போனால் ஒரு மணி நேரம் கூடுதல். மீன் கரைக்கு வருவதற்குள் கண் மங்கிவிடுகிறது. கயிவா கேட்பதில் நியாயம் இருந்தது. நியாயம் இல்லை என்று சொல்லிவிட்டால் சுலபமாகப் போயிருக்கும். கிழக்குக் கோரையை நேராக வெட்டிப் புதுக் கால்வாய் எடுப்பது, திங்கட்கிழமை ஆரம்பிப்பது என்று சங்கத்தில் முடிவானது.

முபிரு எழுந்து நின்றான். "அங்க கூடு இருக்கு. குஞ்சு பொரிச்சிருக்கு."

"யாரு பாத்தது?" என்றார் கயிவா.

"அது சூடு தணிக்கத் தண்ணிய வாயில அள்ளிகிட்டுக் கூட்டுக்குப் போகுது. குஞ்சு இல்லாம எதுக்குப் போகும்?"

"முட்டைக்கும் ஊத்தும், காலிக் கூட்டுக்கும் ஊத்தும். உனக்கு அது தாகத்துக்குக் குடிச்சாலும் குஞ்சுதான். இங்க பாரு மச்சான், குஞ்சைக் காட்டு. காட்டிட்டா, அது பறக்கற வரைக்கும் வெட்டுக்கத்தியத் தொடமாட்டோம், மேற்கயே சுத்திப் போறோம். இத்தன பேரு முன்னால சொல்றேன். காட்டாட்டி, திங்கக்கிழமை நீயும் ஒரு கத்தி எடுத்துகிட்டு வா."

அன்றைக்குப் புதன்கிழமை.

வியாழன் விடியலில் போனான். பனி மூட்டத்துக்குள் கோரை கறுப்பாக நின்றது. பறவை கூட்டில் குனிந்திருந்தது. அதன் மார்புக்குக் கீழே ஏதோ அசைந்தது. அவன் கண்ணுக்குத் தெரிந்தது. கேமராவுக்குத் தெரியவில்லை. படத்தைச் சங்கத்தில் காட்டினான். கம்பு மாவைத் தூவியது போல முழுக்கப் பொரிப் பொரியாக இருந்தது. "இது பறவையா, மரவள்ளி மூட்டையா?" என்றான் ஒருவன். "மூட்டைதான். ஓரத்துல தையல் தெரியுது பாரு" என்றான் இன்னொருவன்.

வெள்ளிக்கிழமை டாமுலிரா வந்தான். கம்பாலாவில் பத்திரிகைகளுக்குப் படம் எடுக்கிறவன். முபிருவின் படகில் பல தடவை போனவன். அவன் தோளில் தொங்குகிற கேமரா ஒரு கைக்குழந்தை கனம். அதே விடியல் இருட்டில் அவன் ஒரு படம் எடுத்துக் காட்டினான். துறையில் காலைச் சாம்பல் வெளிச்சத்தில் வலை உதறிக்கொண்டிருந்த கிழவர் ஒருவரின் முகம். ஒவ்வொரு சுருக்கமும் தனித்தனியாகத் தெரிந்தது. முபிரு அதை நெடுநேரம் பார்த்தான்.

"ஒத்துக்கறேன். இருட்டுல உன்னுது ராஜா."

"அப்ப என்னைக் கூட்டிட்டுப் போங்கண்ணே. ஆனா ஒண்ணு, என் லென்ஸுக்கு அவ்வளவு எட்டாது. ஏழெட்டுப் படகு நீளத்துக்காவது போகணும். ஒரே ஒரு தடவை. அஞ்சு நிமிஷம். குஞ்சு பொழைக்கிற காரியம்தானே?"

அந்த ஐந்து நிமிடத்தை முபிரு மனசுக்குள் ஒரு தடவை முழுக்கத் தூக்கிப் பார்த்தான். அதில் ஒரு படம் கிடைக்கும், சந்தேகமே இல்லை. கீழே வைத்துவிட்டான்.

"வேண்டாம்பா. பொழைக்க வைக்கறேன்னு போய்த்தான் போன தடவை ரெண்டையும் அவிச்சேன்."

டாமுலிரா அதற்குமேல் கேட்கவில்லை. நல்ல பிள்ளை. தன்னிடமிருந்த லென்ஸ் துடைக்கும் மெல்லிய துணி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை உச்சி வெயிலில் போனான் முபிரு. வெளிச்சம் வேண்டிய மட்டும் இருந்தது. வெயில் ஏறினால்தான் புல்வே தண்ணீர் அள்ளிவரும். அள்ளிவந்து ஊற்றும்போது குஞ்சு தலை தூக்கும். ஆனால் வெயில் ஏறினால் தண்ணீருக்கு மேலே காற்றும் கொதிக்கும். இருபது படகு தூரக் காற்று முழுக்க நெளிந்தது. மூக்கை முழுசாக நீட்டினான். பறவை வந்தது, ஊற்றியது. அவன் விரலை எடுக்காமல் அழுத்தி நாற்பது படம் எடுத்தான். நாற்பதும் தண்ணீருக்கு அடியில் எடுத்தது போல வளைந்து, நெளிந்து, உருகிக் கிடந்தன.

தேநீர்க் கடைக்கு வந்து உட்கார்ந்தபோது அவன் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. பெர்பெட்டுவா பால் தேநீரில் இஞ்சி கூடுதலாகத் தட்டிப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"குடு, நானும் பாக்கறேன்."

"பாக்க ஒண்ணுமில்ல அக்கா."

"உன்கிட்ட கேக்கலடா, கேமராவக் கேக்கறேன்."

கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். அவளுக்குப் பொறுமை கிடையாது. ஒவ்வொன்றாகப் பார்க்காமல் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடியே ஓடவிட்டாள். திடீரென்று, "டேய், இரு இரு இரு" என்றாள்.

"என்ன?"

"ஓட விட்டா தெரியுதுடா. நிறுத்தினா தெரியல."

முபிரு எட்டி வாங்கினான். ஓடவிட்டான். நாற்பது உருகிய படங்களும் சடசடவென்று ஓடின. நெளிவது காற்று; நெளியாமல் குனிவது பறவை. அலகிலிருந்து ஏதோ வெள்ளையாக இறங்குகிறது. நிறுத்தினான்: மறுபடி கஞ்சி. நடுங்குகிற காற்றில் ஒரு நொடியை மட்டும் பிடித்தால் நடுக்கம்தான் கையில் வரும். ஓடுகிறதை ஓடவிட்டால் எது காற்று, எது உயிர் என்று கண் தானே பிரித்துக்கொள்கிறது.

வீடியோ எடுக்கும் சிவப்புப் பொத்தான் ஒன்று அந்தக் கேமராவின் முதுகில் எப்போதும் இருந்தது. பேட்டரி குடிக்கும் என்று அவன் அதன் பக்கம் போனதே இல்லை. அதோடு இன்னொன்றும் அவனுக்கு உறைத்தது. அறுபது மடங்கு இருக்கிறதே என்று அறுபதையும் நீட்டிக்கொண்டிருந்தான். பாதி நீட்டினால் பறவை சின்னதாகத்தான் விழும். ஆனால் ஆட்டமும் பாதியாகும், வெளிச்சமும் கூடுதலாக உள்ளே வரும். இருக்கிற பலத்தை எல்லாம் ஒரேயடியாகக் காட்டவேண்டுமென்று சட்டமா என்ன?

"அக்கா, மச்சான் எங்க?"

"வலைய ஒட்டுப் போட்டுகிட்டிருக்காரு. ஏன்?"

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் என்கூட வரச் சொல்லு. படத்தக் கொண்டுவந்து காட்டினா எந்த ஊர்ப் பறவையோன்னுவாரு. நேர்ல பாக்கட்டும்."

"அவரா? புல்வேயப் பாக்கவா? செத்தாலும் வரமாட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை வலை வீசுவதில்லை. பார்த்தாலும் நஷ்டமில்லை என்று சொல்லித்தான் பெர்பெட்டுவா அவரை அனுப்பினாள். கோயிலுக்குப் போட்ட வெள்ளை அங்கியைக்கூட மாற்றாமல் வந்து படகின் நடுவில் உட்கார்ந்தார் கயிவா. அவர் உட்கார்ந்ததும் படகு ஒரு விரற்கடை இறங்கியது. அவர் மூச்சு விட்டால் ஏறியது, இழுத்தால் இறங்கியது.

இருபது படகு தூரத்தில் முபிரு நிறுத்தினான். கழியைக் குத்தினான். முஷ்டியை வைத்தான். கேமராவை வைத்தான். கண்ணை வைத்தான். எல்லாம் ஆடியது.

"மூச்சு விடாதீங்க மச்சான்."

"ஏன்டா, உன் பறவைக்காக நான் சாகவா?"

முபிரு படகிலிருந்து இறங்கினான். இடுப்பு மட்டும் தண்ணீர், அதற்குக் கீழே முழங்கால் மட்டும் சேறு. கழியைத் தனக்கு முன்னால் ஊன்றி, கேமராவை அதன் மேல் வைத்து, பின்பக்கத்துச் சின்னத் திரையைக் கயிவா பக்கமாகத் திருப்பிவிட்டான். மூக்கைப் பாதி நீட்டினான். சிவப்புப் பொத்தானை அழுத்தினான்.

"எங்கடா இருக்கு? ஒரு சாம்பல் முளைக்குச்சிதான் தெரியுது."

"அதேதான். பாத்துகிட்டே இருங்க."

"வெயில் மண்டையப் பிளக்குது. உன் அக்கா வாழைக்காய் மத்தோகே அவிச்சு வெச்சிருக்கா. நிலக்கடலைக் குழம்பு. ஆறிப்போச்சுன்னா அதுக்கும் நீதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன்."

காத்திருந்தார்கள். அட்டை ஒன்று முபிருவின் முழங்கையில் ஏறியது. அவன் அதைப் பார்த்தான், எடுக்கவில்லை. பேட்டரிக் குறியில் மூன்று கோடு இருந்தது இரண்டானது. கயிவா கொட்டாவி விட்டார். இரண்டு கோடு ஒன்றானது. இது அணைந்தால் நாளை காலை முப்பது வெட்டுக்கத்தி இந்தக் கோரைக்குள் இறங்கும்.

அப்போது புல்வே நகர்ந்தது. ஒரு காலைத் தூக்கி, யோசித்து, வைத்தது. பள்ளத் தண்ணீரில் அந்தப் பெரிய அலகை முக்கியது. நிமிர்ந்து, திரும்பி, கூட்டின் மேல் குனிந்தது. சின்னத் திரையில் எல்லாம் நெளிந்தது. நெளிவுக்கு நடுவே அலகிலிருந்து வெள்ளிக் கம்பி போல ஒரு நீர் இறங்கியது. அது விழுந்த இடத்தில் ஒரு தலை எழுந்தது. கழுத்தில் நிற்கத் தெரியாமல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடுகிற, வாய் பிளந்த, சின்னச் சாம்பல் தலை.

கயிவா திரைக்குள் குனிந்தார்.

புல்வே மறுபடி போய் அள்ளி வந்தது. மறுபடி ஊற்றியது. குஞ்சு இந்தத் தடவை முழுசாக நனைந்து, உடம்பைச் சிலிர்த்தது.

"தலையில ஊத்துதுடா," என்றார் கயிவா. அவருடைய கனத்த குரல் படகைத் தாண்டவில்லை. "சின்னவனுக்குக் காய்ச்சல் ஏறினப்ப உன் அக்கா இப்பிடித்தான் கையில அள்ளி அள்ளி ஊத்திகிட்டே இருந்தா. ராத்திரி விடியவிடிய."

"ஞாபகம் இருக்கு மச்சான்."

"எத்தன நாளாகும் அது பறக்க?"

"மூணு மாசத்துக்குமேல ஆகும்."

கயிவா மேற்கே பார்த்தார். சுற்றுவழி தொடங்கும் இடம் அங்கே வெயிலில் மினுங்கியது. பெருமூச்சு விட்டார். படகு ஏறி இறங்கியது. "சரி, பசங்ககிட்ட சொல்லிடறேன். சுத்தியே போவோம். திட்டத்தான் செய்வானுங்க. திட்டட்டும்." பிறகு மறுபடி திரைக்குள் குனிந்தார். வெள்ளை அங்கியின் ஓரம் தண்ணீரில் நனைவதுகூட அவருக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து, முபிருவின் காதருகே வந்து, மெல்லக் கேட்டார்.

"மச்சான், இன்னும் கொஞ்சம்போல கிட்டப் போய்ப் பாத்துட்டு வந்துடலாமா? நான் சத்தமே போடமாட்டேன்."

முபிரு கேமராவின் வாரைத் தன் கழுத்திலிருந்து கழற்றி அவர் கழுத்தில் மாட்டி, அணைக்காமல் அப்படியே அவர் கைகளில் கொடுத்தான். பிறகு படகின் மூக்கில் தோளைக் கொடுத்து, அதைத் திருப்பாமல், அவர் முகம் கூட்டைப் பார்த்தபடியே இருக்கும்படி, இடுப்பளவு தண்ணீரில் ஒவ்வொரு அடியாக வைத்துப் பின்பக்கமாக, துறையை நோக்கித் தள்ளிக்கொண்டு போனான்.